ஆழியைச் சுற்றும் ஆழி

ஜப்பானின் ஷிகா மாகாணத்துக் கரையோர மக்கள் பிவா ஏரியைத் தம் பேச்சில் 'உமி' என்றே குறிப்பிடுவர். உமி என்றால் கடல். உப்பில்லாத கடல் என்று பொருள்படும் 'அவாஉமி' என்னும் பழஞ்சொல் நாளடைவில் தேய்ந்து 'ஓமி' என்றாகி, அந்நாட்டுப் பகுதிக்கே பெயராக நின்றது. சுமார் 670 சதுர கிலோமீட்டர் பரப்பும், 103 மீட்டரைத் தாண்டிய ஆழமும், ஏறத்தாழ 235 கிலோமீட்டர் கரைநீளமும் கொண்டு, மாகாணத்தின் ஆறில் ஒரு பங்கைத் தானே எடுத்துக்கொண்டுவிட்ட நீர்நிலையைக் கடல் என்பது மிகையன்று. வடகரையில் நிற்பவரின் கண்ணுக்குத் தென்கரை எட்டுவதில்லை. தமிழில் 'ஆழி' என்னும் ஒரே சொல் கடலையும் சக்கரத்தையும் வட்டத்தையும் குறிக்கிறது. ஷிகாவில் மிதிவண்டிப் பயணத்தை வளர்ப்பதற்கென அமைந்த மன்றம் ஒன்று தன் பெயரில் சேர்த்துக்கொண்ட எழுத்தும் இவ்வாறே வளையத்தையும் சக்கரத்தையும் ஒருங்கே உணர்த்துவது. இரு மொழிகளுக்கும் இதில் உறவேதும் இல்லை. ஆயினும் ஒரு பெருநீரைச் சக்கரத்தால் வட்டமிடும் செயலுக்கு ஆழியைவிடப் பொருத்தமான சொல் தேடினாலும் கிடைக்காது.

அச்செயலுக்கு ஜப்பானியர் இட்ட பெயர் 'பிவாஇச்சி'. 'பிவா ஏரியை ஒரு சுற்று' என்னும் தொடரின் முதலையும் 'ஒன்று' என்னும் எண்ணுப்பெயரையும் ஒட்டிச் செய்த சுருக்கம் அது. முதலில் மிதிவண்டி ஆர்வலர்களின் வழக்குச் சொல்லாக இருந்தது, இன்று அரசாணைகளிலும் சாலைப் பலகைகளிலும் அச்சேறிவிட்டது. 2016 டிசம்பரில் ஜப்பானிய நாடாளுமன்றம் மிதிவண்டிப் பயன்பாட்டை ஊக்குவிக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. 2017 மே மாதம் அது நடைமுறைக்கு வந்தது. அதன் தொடர்ச்சியாக 2019இல் 'தேசிய மிதிவண்டி வழித்தடம்' என்ற தகுதிநிலை உருவாக்கப்பட்டு, அவ்வாண்டு நவம்பரில் மூன்று தடங்கள் முதன்முதலாக அறிவிக்கப்பட்டன. அவற்றுள் 193 கிலோமீட்டர் நீளமுள்ள பிவாஇச்சி ஒன்று. டோக்கியோவுக்கு வடகிழக்கே கசுமிகவுரா ஏரியைச் சுற்றும் தடம் மற்றொன்று. பாலங்களால் தீவுகளைத் தொடுத்துச் செல்லும் ஷிமனாமி தடம் மூன்றாவது. முதல் மூன்றில் இரண்டு ஏரிகளைச் சுற்றுபவை என்பது தற்செயலாக இருக்க வேண்டியதில்லை. ஏரிக்கரை பெரும்பாலும் சமதளமானது. ஒரு பக்கம் எப்போதும் நீரே இருப்பதால் வழி தவறுவது கடினம். எல்லாவற்றுக்கும் மேலாக, புறப்பட்ட இடத்துக்கே திரும்பிவிடலாம் என்பதால் வாடகை மிதிவண்டியை எங்கே ஒப்படைப்பது என்ற கவலை எழுவதில்லை.

தேசிய வழித்தடம் என்ற தகுதியை வழங்குமுன் ஐந்து கூறுகள் ஆராயப்படுகின்றன: தடம் வகுக்கப்பட்ட விதம், ஓட்டுவதற்கான சாலையின் நிலை, வருவோரை ஏற்கும் ஏற்பாடுகள், தகவல் தரும் முறை, இவற்றையெல்லாம் தொடர்ந்து கவனிக்கும் நிர்வாக அமைப்பு. மிதிவண்டிக் கட்டமைப்பு என்றதும் நினைவுக்கு வரும் சாலை இங்கே ஐந்தில் ஒன்றுதான் என்பது குறிப்பிடத்தக்கது. மற்ற நான்கும் மிதிவண்டியை விட்டு இறங்கியவருக்கோ இன்னும் ஏறாதவருக்கோ உரியவை. இத்தகைய தடம் ஒன்றால் ஒரு வட்டாரம் அடையும் பயன், பயணி எவ்வளவு வேகமாக ஓட்டினார் என்பதைவிட எத்தனை இடங்களில் இறங்கினார் என்பதையே சார்ந்தது. பிவா ஏரியைச் சுற்றிவரும் வழியெங்கும் இதற்கான சான்றுகளும், இதை மறந்ததன் விளைவுகளும் மாறி மாறிக் காணக் கிடைக்கின்றன.

தடத்தின் திசை முதலில் கவனிக்கத்தக்கது. கோயிலையும் மலையையும் வலம் வந்து பழகிய தமிழருக்கு பிவாஇச்சி தலைகீழாகத் தோன்றும். ஏனெனில் ஏரியை இடப்பக்கமாக வைத்து, கடிகார முள்ளுக்கு எதிராகச் செல்வதே அங்கு பரிந்துரைக்கப்படும் முறை. இதற்குச் சமயக் காரணம் ஏதுமில்லை. இந்தியாவைப் போலவே ஜப்பானிலும் வாகனங்கள் சாலையின் இடப்பக்கம் செல்வதால், இடஞ்சுழியாகச் சுற்றும்போது மிதிவண்டி நீரை ஒட்டிய ஓரத்திலேயே செல்கிறது. காட்சி மறைவதில்லை என்பதோடு, எதிர்ச்சாரியைக் குறுக்கே கடக்காமலேயே கரையோரப் பூங்காவிலோ மணல்திட்டிலோ இறங்கிவிடவும் முடிகிறது. வலப்பக்கம் வாகனம் ஓட்டும் ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து ஆகிய மூன்று நாடுகளுக்கும் பொதுவான கான்ஸ்டன்ஸ் ஏரியில் இதே கணக்கு வலம் வருவதைச் சாதகமாக்குகிறது. இறங்கும் எளிமையை முன்னிட்டே திசை தீர்மானிக்கப்படுகிறது எனலாம்.

ஏரியிலிருந்து இயற்கையாக வெளியேறும் ஒரே ஆறு செத்தா. நூற்றுக்கணக்கான ஓடைகளும் ஆறுகளும் வந்து சேரும் இப்பெருநீருக்கு அது ஒன்றே வாய். அதன் குறுக்கே உள்ள காராஹாஷி பாலம் சுற்றின் தென்முனையாகக் கொள்ளப்படுகிறது. பழங்காலத்தில் கிழக்கிலிருந்து கியோத்தோவுக்குச் செல்வோர் யபாசே துறையில் படகேறி ஏரியைக் குறுக்கே கடந்தால் நேரம் மிச்சம்; ஆனால் மலைக்காற்று வீசினால் படகு நின்றுவிடும், கவிழவும் கூடும். நடந்து இப்பாலத்தைச் சுற்றிச் செல்வது தொலைவு அதிகமாயினும் உறுதியானது. அவசரமென்றால் சுற்றிப்போ என்னும் கருத்துடைய ஜப்பானியப் பழமொழி இவ்விடத்தில் பிறந்ததாகவே சொல்வர். இப்பகுதியின் பழைய சுற்றுலா மரபும் இந்தத் தென்மூலையைச் சேர்ந்ததே. சீன ஓவிய மரபைப் பின்பற்றி வகுக்கப்பட்டு, ஹிரோஷிகேயின் மரஅச்சு ஓவியங்களால் புகழ்பெற்ற 'ஓமியின் எட்டுக் காட்சிகள்' பெரும்பாலும் ஓட்சு நகரைச் சுற்றியும் தெற்கேயுமே அமைந்திருக்கின்றன. செத்தாவின் அந்திவெயிலும் கடாடாவில் இறங்கும் வாத்துகளும் கண்ட யாத்ரிகர்கள் கியோத்தோவுக்குத் திரும்பினார்கள். வடகரை நெடுங்காலம் எவர் பட்டியலிலும் இடம்பெறவில்லை. வட்டப்பாதையின் முதல் நன்மை இங்கேதான்: ஒரு சுற்றை முடிக்க வேண்டுமென்ற சங்கற்பம், தேர்ந்தெடுக்கும் உரிமை தந்திருந்தால் யாரும் போயிருக்க மாட்டாத ஊர்களுக்கும் ஆளைக் கொண்டு சேர்க்கிறது.

வெளியூரார் பெரும்பாலும் செத்தாவில் தொடங்குவதில்லை. கிழக்குக் கரையில் உள்ள மைபாரா, அதிவேக ரயிலான ஷின்கான்சென் நிற்கும் நிலையம். டோக்கியோவிலிருந்தோ நகோயாவிலிருந்தோ வந்து இறங்குபவர் நிலையத்தை ஒட்டியுள்ள வாடகை மையத்திலேயே மிதிவண்டி எடுத்துக்கொள்ளலாம். சொந்த மிதிவண்டியோடு வருவோர் கையாளும் முறைக்கு 'ரின்கோ' என்று பெயர்: சக்கரங்களைக் கழற்றி, முழுவதையும் உறையொன்றில் இட்டுக் கட்டி, சாதாரணப் பயணமூட்டையைப் போல ரயிலில் தூக்கிச் செல்வது. உறையில் முழுதும் அடங்கியிருந்தால் ஜப்பான் ரயில்வேயின் (ஜே.ஆர்.) ரயில்களில் இதற்குத் தனிக்கட்டணம் கிடையாது. ஓமி ரயில்வே என்னும் சிறிய உள்ளூர் நிறுவனம் இன்னும் ஒரு படி சென்று, குறிப்பிட்ட பகுதிகளில், நெரிசலற்ற வேளைகளில், மிதிவண்டியைக் கழற்றாமல் அப்படியே பெட்டிக்குள் உருட்டிக்கொண்டு வர விடுகிறது. பயணிகள் குறைந்து தடுமாறும் கிராமப்புற ரயில்பாதைக்கு நண்பகல் வேளையின் வெற்றிடம் பெரும் சுமை. மிதிவண்டிக்காரர் அந்த இடத்தை நிரப்புகிறார்.

கிழக்குக் கரையின் சாலைக்குச் 'சசனாமி கைதோ' என்று பெயர். சிற்றலைகளின் சாலை என்பது அதன் பொருள். தார்ச்சாலையின் இடவோரத்தில் அம்பின் இறகு போன்ற நீலக் குறிகள் வரிசையாகத் தீட்டப்பட்டிருக்கின்றன. மிதிவண்டி செல்லவேண்டிய இடம் இது என்று ஓட்டுபவருக்கும், இவ்விடத்தில் மிதிவண்டி வரும் என்று கார்க்காரருக்கும் ஒரே வேளையில் அறிவிக்கும் குறி அது. வேகமாகச் செல்லப் பழகியவர்களுக்குச் சாலையோரமும், குழந்தைகளோடும் முதியவர்களோடும் மெல்லச் செல்வோருக்கு நடைபாதையை ஒட்டிய தடமும் என இரு வழிகள் வகுக்கப்பட்டுள்ளன. இதில் பிரம்மாண்டம் ஏதுமில்லை. தனித்த மிதிவண்டிப் பெருவழியை நூற்றுத் தொண்ணூற்று மூன்று கிலோமீட்டருக்குப் புதிதாகப் போடவில்லை. இருந்த சாலையின் மேல் பெருமளவு வண்ணம் பூசினார்கள் என்பதே உண்மை. வண்ணம் மலிவானது, விரைவில் போடக்கூடியது. ஆனால் அது கார்ச்சக்கரத்தைத் தடுக்காது. மேற்குக் கரைக்குப் போகும்போது இந்தக் குறைபாடு தன்னைக் காட்டிக்கொள்கிறது.

இச்சாலையே எவ்வாறு வந்தது என்பதைச் சொல்லாமல் விட முடியாது. 1972 முதல் 1997 வரை நடந்த பிவா ஏரி ஒருங்கிணைந்த வளர்ச்சித் திட்டத்தில், வெள்ளத்தைத் தடுக்கவும் கீழ்நிலை நகரங்களுக்கு நீர்வழங்கலை உறுதிசெய்யவும் கரைநெடுக அணைக்கட்டு எழுப்பப்பட்டது. அக்கட்டின்மேலும் அதை ஒட்டியும் போடப்பட்டதே கரைச்சாலையின் பெரும்பகுதி. மிதிவண்டியில் செல்பவர் நீரை இவ்வளவு அருகில் காண்பதற்கு இக்கட்டே காரணம். ஏரிக்கும் அதன் பின்புற வயல்களுக்கும் இடையே மீன்கள் போய்வந்த வழி அடைபட்டதற்கும் இதுவே காரணம். வெள்ளக்காலத்தில் வயலேறி முட்டையிடும் நிகோரோபுனா என்னும் கெண்டைவகை மீன் அருகியது. சினைமீனை உப்பிட்டு, பிறகு சோற்றோடு அடுக்கி மாதக்கணக்கில் புளிக்கவைக்கும் 'புனாசுஷி' என்ற ஓமி நாட்டு உணவுக்கு அம்மீனே மூலப்பொருள். கருவாட்டு மணத்துக்குப் பழகிய மூக்கும் புனாசுஷியின் முன் ஒரு கணம் தயங்கும். ஆனால் இன்று சுஷி என்று உலகம் அறியும் உணவின் தொல்வடிவம் இத்தகையதே. இப்போது வயல்வாய்க்கால்களில் படிப்படியாகத் தடுப்புப் பலகை வைத்து மீனை மீண்டும் வயலுக்கு ஏற்றும் முயற்சியை விவசாயிகள் மேற்கொண்டுள்ளனர். மீன் தொட்டில் வயல் என்பது அதற்கு வழங்கும் பெயர், அவ்வயல்களின் அரிசியும் அதே பெயரைச் சொல்லி விற்கிறது. சாலையோரத்து விற்பனைக்கூடத்தில் அந்த அரிசியில் பிடித்த உருண்டையொன்றை வாங்கித் தின்பவர், தாம் ஓட்டிவந்த சாலையால் நேர்ந்த இழப்பு ஒன்றைச் சரிசெய்யும் வேலையில் சில யென்களால் பங்கேற்கிறார்.

கரை தூய்மையாக இருப்பதும் தானாக நேர்ந்ததன்று. 1977இல் ஏரியில் நுண்ணுயிரிகள் பெருகி நீர் செந்நிறமாகிக் குடிநீரில் நாற்றம் ஏறியபோது, பாஸ்பரஸ் கலந்த சலவைத்தூளைக் கைவிட்டு சோப்புத்தூளுக்கு மாறும் இயக்கத்தை வீட்டுப்பெண்கள் முன்னின்று நடத்தினார்கள். 1979இல் மாகாண அரசு பாஸ்பரஸ் சலவைத்தூளின் விற்பனையையும் பயன்பாட்டையும் தடைசெய்யும் ஒழுங்குமுறையை இயற்றியது. 1993இல் ஏரி ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது. ஓமிஹச்சிமானில் உள்ள ஹச்சிமான் கால்வாய்க்கும் ஒத்த கதையே: 16ஆம் நூற்றாண்டில் வெட்டப்பட்டு வணிகப் படகுகள் நிறைந்திருந்த அது, சேறடைந்து சாக்கடையாகி, தூர்த்துவிடலாம் என்று முடிவாகும் தறுவாயில், 1970களில் ஊர்மக்கள் தாமே இறங்கி மண்ணள்ளி மீட்டெடுத்தனர். இன்று அக்கால்வாயோரத்து வெள்ளைச் சுவர்ப் பண்டசாலைகள் மிதிவண்டியை நிறுத்தவைக்கும் காட்சிகளில் ஒன்று. அரசு போட்ட நீலக்குறி ஒருவரை ஊருக்கு அழைத்து வருகிறது. இறங்கவைப்பது என்னவோ ஊர் அரை நூற்றாண்டுக்கு முன் செய்த வேலை.

ஓமிஹச்சிமானுக்கும் நாகஹாமாவுக்கும் இடையில் இருக்கும் ஹிகோனேயின் கோட்டை 17ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தது, அழியாமல் நின்ற சில மூலக் கோட்டைகளுள் ஒன்று, தேசியச் செல்வம் என்ற தகுதியும் பெற்றது. அதற்கு மிதிவண்டிக்காரரின் தயவு தேவையில்லை. நாகஹாமாவின் நிலை வேறு. கார்க் கலாசாரத்தால் புறநகர்ப் பேரங்காடிகள் தலையெடுத்து, பழைய கடைத்தெரு வெறிச்சோடியபோது, கருப்புச் சுவர் கொண்ட பழைய வங்கிக் கட்டடத்தை இடிக்கவிடாமல் உள்ளூர் வணிகரும் நகராட்சியும் கூட்டாக நிறுவனம் தொடங்கி, 1980களின் இறுதியில் அதைக் கண்ணாடிக் கலைப்பொருள் கடையாக்கினர். பிறகு தெரு முழுவதும் உயிர்பெற்றது. இரண்டு நாளில் ஏரியைச் சுற்றுவோருக்கு இரவு தங்க நாகஹாமா இயல்பாக அமைகிறது. இங்கிருந்து படகில் சென்றால் சிகுபு தீவு. அங்கே கோயில் கொண்டிருக்கும் பென்சைதென் சரஸ்வதியே: இந்தியாவிலிருந்து பௌத்தத்தின் வழியாகச் சீனம் கடந்து ஜப்பானை அடைந்தவள், வீணைக்குப் பதிலாகப் பல சிற்பங்களில் 'பிவா' என்னும் நான்கு நரம்பு யாழை ஏந்தியிருப்பாள். ஏரியின் வடிவம் அந்த வாத்தியத்தை ஒத்திருப்பதே பெயர்க்காரணம் என்பர். தமிழ்ப் பயணி இங்கே தெரிந்தவரைத் தொலைதூர ஊரில் சந்தித்ததுபோல உணர்ந்தால் அது கற்பனையன்று.

நாகஹாமாவுக்கு வடக்கே பாதையின் குணம் மாறுகிறது. மலைகள் நீருக்குள் இறங்குகின்றன. சமதளம் முடிந்து ஏற்றமும் சுரங்கமும் வருகின்றன. குளிர்காலத்தில் ஜப்பான் கடலிலிருந்து வரும் ஈரக்காற்று இங்கே கடும்பனியாகக் கொட்டுகிறது. பிரதான வழியை விட்டுத் தீபகற்பத்துக்குள் விலகிச் சென்றால் சுகாவுரா என்னும் சிற்றூர்: நெடுங்காலம் படகையே நம்பியிருந்தது, இடைக்காலத்தில் தன்னைத் தானே ஆண்டுகொண்டதற்கான ஆவணங்களைப் பேணிவைத்து, அவை 2018இல் தேசியச் செல்வமாக அறிவிக்கப்படக் கண்டது. ஊரின் இரு முனைகளிலும் வைக்கோல் வேய்ந்த வாயில்கள் இன்றும் எல்லையைக் காட்டுகின்றன. இங்கு வர ஒருவர் சில கிலோமீட்டர் கூடுதலாக மிதிக்க வேண்டும். கணக்குப் பார்த்து ஓட்டுபவர் வருவதில்லை. வருபவர் சிலரே என்பது அவ்வூருக்கு நல்லதா கெட்டதா என்பதில் இரு கருத்து உண்டு.

வடகரையின் கைசு ஓசாகியில் சாலையோரமாகச் சுமார் 4 கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 800 செர்ரி மரங்கள் நீரின்மேல் சாய்ந்து நிற்கின்றன. 1931இல் இப்பாதையைப் பராமரித்துவந்த சாலைப் பணியாளர் ஒருவர், சுற்றிவரும் வேலையின் அலுப்புத் தீரத் தம் சொந்தச் செலவில் கன்றுகள் நட்டதில் தொடங்கியது அது. அவை பூத்ததைக் கண்ட ஊரார் பிறகு வரிசையை நீட்டினர். ஏப்ரலில் பூக்கும் சில நாள்களில் கார்கள் அடைத்துக்கொண்டு நகர முடியாமல் நிற்பதும், அதற்காகப் போக்குவரத்துக் கட்டுப்பாடு விதிக்கப்படுவதும் வழக்கம். அவ்வேளையில் மிதிவண்டி மட்டும் தன் இயல்பான வேகத்தில் செல்கிறது. சற்று அப்பால் மாகினோவில், 1981இல் பழத்தோட்ட விவசாயிகள் நட்ட மெட்டசெக்வோயா மரங்கள் சுமார் ஐந்நூறு, 2.4 கிலோமீட்டருக்கு நேர்கோடாக நிற்கின்றன. இவ்விரண்டையும் சுற்றுலாத்துறை திட்டமிட்டு உண்டாக்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது; ஐம்பதாண்டு கழித்துப் பயன்தரும் செலவைக் கணக்குப்புத்தகம் பொதுவாக ஏற்பதில்லை.

இமாஸு துறையில் ஒரு பாட்டின் வரலாறு இருக்கிறது. 1917இல் கியோத்தோவின் மூன்றாம் உயர்நிலைப் பள்ளியின் படகுக் குழுவினர் ஏரியைத் துடுப்புவலித்துச் சுற்றிவந்தபோது இங்கே தங்கினர். அக்குழுவின் ஓகுச்சி தாரோ இயற்றிய வரிகளைத் தோழர்கள் அப்போது பரவலாயிருந்த மெட்டொன்றில் பாடிப் பார்த்தனர். 'பிவா ஏரிச் சுற்றுப்பயணப் பாட்டு' என்ற பெயரில் அது ஜப்பான் முழுதும் பரவியது. ஏரியை ஒரு சுற்றாகக் காண்பது மிதிவண்டிக்கு முன்பே, வாலிபர்களின் தோள்வலியில் பிறந்த பழக்கம் என்பதற்கு இது சான்று.

தெற்கே ஹரியே என்னும் ஊரில் நிலத்தடி ஊற்று வீட்டுச் சமையலறைத் தொட்டிகளிலேயே பொங்குகிறது. இத்தொட்டிக்குக் 'கபாத்தா' என்று பெயர். முதல் தொட்டி குடிக்க, அடுத்தது காய்கறி கழுவ, கடைசியில் கெண்டை மீன்கள் பாத்திரத்தில் ஒட்டிய சோற்றைத் தின்று நீரைத் துப்புரவாக்கி வாய்க்காலுக்கு அனுப்பும். 2004இல் தொலைக்காட்சி ஆவணப்படம் ஒன்று ஒளிபரப்பானபின் அந்நியர்கள் வீட்டுக்குள்ளே எட்டிப்பார்க்கத் தொடங்கியதால், ஊரார் குழு அமைத்து, உள்ளூர் வழிகாட்டியோடு கட்டணம் செலுத்தி மட்டுமே பார்க்கலாம் என்று வகுத்தனர். மிதிவண்டி மெல்லச் செல்வதால் மற்றவர் வாழ்வுக்குள் மிக நெருங்கிச் செல்லும் வண்டி. காருக்கு மூடியிருக்கும் சந்துகள் அதற்குத் திறந்திருக்கும். ஆகவே கதவு எங்கே இருக்க வேண்டும் என்று ஊர் தீர்மானிப்பதும் கட்டமைப்பே. வழிகாட்டிப் பலகைகளைப் பற்றி எழுதும் அறிக்கைகள் இதைப் பெரும்பாலும் பேசுவதில்லை.

மேற்குக் கரை அழகில் குறைந்ததன்று. ஆனால் மிதிவண்டிக்கு மிக நெருக்கடியானது. ஹிரா மலைத்தொடர் நீரை நெருங்கி நிற்பதால் இடைப்பட்ட ஒடுங்கிய நிலத்தில் ரயில்பாதை, 161ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை, ஊர்கள் அனைத்தும் ஒட்டிக்கிடக்கின்றன. ஷிராஹிகே ஆலயத்தின் செந்நிறத் தோரணவாயில் நீருக்குள்ளேயே நிற்கும் காட்சி ஏரியின் அடையாளமாகிவிட்டது. ஆலயமோ சாலையின் இந்தப் பக்கம், தோரணம் அந்தப் பக்கம், நடுவே சரக்குவண்டிகள். நிற்கவேண்டும் என்று மனம் சொல்லும் இடத்திலேயே நிற்பதற்கு இடமில்லை. கிழக்கில் ஓரளவு தாராளமாக ஓடிய நீலக்குறிகள் இங்கே குறுகிய சாலையோரத்தில் ஒண்டிக்கொள்கின்றன. பின்னால் வரும் லாரியின் இரைச்சலில் மிதிவண்டி ஓட்டுபவருக்கு ஏரி இருப்பதே மறந்துபோகும். மலையிலிருந்து திடீரென இறங்கும் 'ஹிரா ஓரோஷி' என்னும் காற்று வேறு. அது பலமாக வீசும் நாளில் கோசெய் ரயில்தடம் நின்றுவிடும், களைத்தவர் ரயிலேறி முடித்துக்கொள்ளலாம் என்று வைத்திருந்த மாற்றுவழியும் அடைபடும். மாகாணத்தில் 2016 முதல் மிதிவண்டிக் காப்பீடு கட்டாயமாக்கப்பட்டிருப்பது நல்ல ஏற்பாடே. எனினும் காப்பீடு விபத்துக்குப் பிறகு பேசுவது, தடுப்புச்சுவர் அதற்கு முன்பு பேசுவது.

2019இல் ஏரியை மிதிவண்டியில் சுற்றியவர்கள் ஒரு லட்சத்தைத் தாண்டினர் என்று மாகாண அரசு மதிப்பிட்டது. அவ்வெண்ணிக்கை உள்ளூருக்கு என்ன தந்தது என்ற கேள்விக்கு விடை அவ்வளவு நேரானதன்று. நல்ல பயிற்சியுள்ளவர் விடிகாலையில் புறப்பட்டு ஒரே பகலில் சுற்றை முடித்து, இரவு ஓசாகாவிலோ கியோத்தோவிலோ தம் வீட்டில் உறங்கலாம். அவர் ஷிகாவில் விட்டுச்செல்வது இரண்டு வேளைச் சாப்பாட்டின் விலையும் தானியங்கிப் பெட்டியில் வாங்கிய சில பானங்களும்தான். தடம் எவ்வளவு வழுக்கலாக அமைகிறதோ அவ்வளவு எளிதாக ஆள் நழுவிவிடுவார். மாகாண நிர்வாகம் இதை உணர்ந்தே, கரையிலிருந்து உள்நாட்டுப் பள்ளத்தாக்குகளுக்கும் தேயிலை, மட்பாண்ட ஊர்களுக்கும் கிளைபிரியும் தடங்களை 'பிவாஇச்சி பிளஸ்' என்று வகுத்தது. 2022இல் நடைமுறைக்கு வந்த தனி ஒழுங்குமுறை நவம்பர் 3ஆம் நாளைப் பிவாஇச்சி நாளாக்கியது. கடைகளும் சாலையோர ஓய்வகங்களும் 'ஆதரவு நிலையம்' என்ற பலகை மாட்டி, காற்றடிக்கும் பம்பும் கழிப்பறையும் இரவல் கருவிகளும் வைத்திருக்கின்றன. பஞ்சரான ட்யூபை ஒட்ட நின்றவர் தேநீர் குடிப்பார், தேநீர் குடித்தவர் பக்கத்துத் தெருவைப் பற்றிக் கேட்பார். இருக்கையும் மிதிவண்டி சாய்க்கும் கம்பியும் அறிக்கைகளில் சில்லறைச் செலவாக எழுதப்படினும், வருவாய் இறங்கும் வாசல் அவையே.

கசுமிகவுரா இதில் வேறொரு வழி கண்டது. அங்கே 1987இல் கைவிடப்பட்ட த்ஸுகுபா ரயில்பாதையின் மண்மேடே மிதிவண்டித் தடமாகி ஏரிச்சுற்றோடு இணைக்கப்பட்டது. தனித்தடம் என்பதால் கார்களோடு போட்டியில்லை. த்ஸுச்சிவுரா ரயில்நிலையக் கட்டடத்துக்குள்ளேயே மிதிவண்டியை உருட்டிச் செல்லவும், அறைக்குள் அதை வைத்துக்கொண்டே தங்கவும் கூடிய விடுதி 2020இல் திறக்கப்பட்டது. காட்சியழகில் பிவாவோடு ஒப்பிட முடியாத ஏரி அது என்பதை அங்குள்ளவர்களும் மறுக்கமாட்டார்கள். ஆயினும் இரவு தங்கவைக்கும் கலையில் அது சற்று முன்னே நிற்கிறது.

மேற்குக் கரையின் நெருக்கடி கடாடாவில் தளர்கிறது. நீர்மேல் தூண்களில் நிற்கும் உகிமிதோ என்னும் சிறுகோயிலை எட்டுவதற்குச் சற்று முன், ஏரி 1.4 கிலோமீட்டருக்கும் குறைவாக ஒடுங்கும் இடம். 1964இல் கட்டப்பட்ட பிவாகோ ஓஹாஷி பாலம் அங்கே எதிர்க்கரையை எட்டுகிறது. வடபகுதியை மட்டும் சுற்றுவோருக்குச் சுமார் 160 கிலோமீட்டரில் பயணம் இங்கே முடிகிறது. முழுச்சுற்று வேண்டுவோர் பாலத்தை ஏறாமல் ஓட்சு நோக்கிச் சென்று, நகரப் போக்குவரத்தின் சிக்னல்களை ஒவ்வொன்றாகக் கடந்து செத்தாவை அடைய வேண்டும். பலரும் பாலத்தையே தேர்ந்துகொள்கிறார்கள். ஒரு காலத்தில் எட்டுக் காட்சிகளால் யாத்ரிகர்களைக் கட்டிவைத்திருந்த தென்கரை இப்போது விட்டுவிடத்தக்க மிச்சமாகிவிட்டது. வடகரை முன்பு இருந்த இடத்தில் இன்று அது இருக்கிறது. பாலத்தின் சாலைப்பரப்பில் ஓரிடத்தில் வரிவரியாகப் பள்ளம் வெட்டியிருக்கிறார்கள்: கார் உரிய வேகத்தில் ஓடினால் சக்கரத்தின் உராய்விலிருந்து ஏரிச் சுற்றுப்பயணப் பாட்டின் மெட்டு எழும். துடுப்பு வலித்தவர்களின் பாட்டு அது. மிதிவண்டியின் வேகத்துக்கு அந்தச் சாலை பாடாது. பாலத்தின் ஓரத்தில் மெல்ல ஏறிக்கொண்டிருப்பவரின் காதில், கடந்துபோகும் கார்களிலிருந்து அதன் துண்டுகள் மட்டும் விழும்.